மனையின் திசையும் மனத்தின் திசையும்

நெய்வேலி நகரியத்தில் வாசல் பார்த்துக் குடியேறியவர் மிகச் சிலரே. பணிமூப்பும் பதவிநிலையும் பார்த்து நிறுவனம் ஒதுக்கிய குடியிருப்பே வீடு. வட்டம் வட்டமாக, ஒரே அச்சில் வார்த்தாற்போல் எழுந்த அவ்வீடுகளுள் சில கிழக்கு நோக்கும். சில தெற்கு நோக்கும். அவ்விரண்டிலும் மணவிழா நடந்தது, இழவும் விழுந்தது. ஆனால் ஓய்வுபெறும் ஆண்டு நெருங்கி, வடலூரிலோ விருத்தாசலத்திலோ மனை வாங்க முற்படுகையில், முப்பது ஆண்டுகளாக எழாத கேள்விகள் எழுகின்றன. தலைவாசல் எத்திசை? அடுப்படி தென்கிழக்கில் அமையுமா? கிணறு வடகிழக்கில் வருமா? கேட்போருள் ஞாயிறு தவறாது திருப்பலிக்கு வருவோரும் உளர். மனையடி பார்ப்பவர் தலையசைத்த பின்னரே வீட்டை அர்ச்சிக்கக் குருவானவரை அழைப்போரும் உளர். இதை நகைத்து ஒதுக்குவது எளிது. அஞ்சிப் பணிவதும் எளிது. ஆராய்ந்து பார்ப்பதே விசுவாசிக்கு அழகு.

இந்நாட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. நம் சிற்ப நூல்களுள் ஒன்றாகிய மயமதம், மனையை 64 அல்லது 81 கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு தேவதைக்கு உரித்தாக்குகிறது. நாட்டப்பட்ட கோல்களின் நிழலால் திசையறிந்து, நூலிட்டு அரண்மனை வகுத்ததைச் சங்க நூலாகிய நெடுநல்வாடை விவரிக்கிறது. சீனர் இக்கலையை ஃபெங் சுய், அதாவது காற்றும் நீரும் என்றனர். நான்காம் நூற்றாண்டில் மறைந்த குவோ பு என்பவர் பெயரால் வழங்கும் பழைய நூல், வீட்டைவிட முதலில் கல்லறைக்கு இடம் தேர்வதைப் பேசுகிறது. அரேபியர் மணலில் புள்ளியிட்டுக் குறி கண்டனர். உரோமைக் குறிகாரர் கோலால் வானத்தைப் பகுத்துப் பறவைகளின் பறப்பை நோக்கினர். சைபீரியப் பழங்குடியினரின் ஷாமன், பறையறைந்து ஆவேசமுற்று நோயின் காரணம் சொன்னார். நம் குறிஞ்சி நிலத்து வேலனும் கழங்கிட்டு, வெறியாடி, அதையே செய்தான்.

இவையனைத்தும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று வரலாற்றால் நிறுவ இயலாது. ஆயினும் வேரில் ஓர் ஒற்றுமை உண்டு. நிலம் ஊமையன்று, நம் வாழ்வு நம் கையில் மட்டும் இல்லை, கண்ணுக்குப் புலப்படாத ஒன்றோடு நாம் இசைந்து வாழவேண்டும் என்ற உணர்வே அவ்வேர். பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. இவ்வுணர்வை நாமும் தள்ளவேண்டியதில்லை.

அவ்வுணர்வு அச்சமாகத் திரியும்போதுதான் இடர் தொடங்குகிறது. சீனருக்குத் தென்திசை மங்கலம். பீகிங்கின் பேரரண்மனை தெற்கு நோக்கியே நிற்கிறது. நம்மவருக்கோ தெற்கு எமனின் திசை. ஒரே வாசல் அங்கே வாழ்வும் இங்கே சாவும் தருமாயின், அந்த ஆற்றல் வாசலில் இல்லை. அஞ்சுபவர் உள்ளத்தில் இருக்கிறது.

இந்த அச்சத்தால் ஒரு பெருந்தீங்கு விளைகிறது: பொறுப்பு மறைந்துபோகிறது. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்து தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். அவர்தம் வீட்டு வாசலைக் குறைகூறினால் அது யாருக்கு ஆறுதல்? கொதிகலனை யார் சோதித்தார், எச்சரிக்கை பேணப்பட்டதா என்ற கேள்விகளல்லவா புதைந்துபோகும்? சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவர்களைவிடக் கொடியவர்கள் அல்லர் என்றார் ஆண்டவர். துன்புறுவோர் மீதே பழிசுமத்தும் எண்ணத்தை அவர் அன்றே அறுத்தெறிந்தார்.

நிலம் ஊமையன்று என்பதை நெய்வேலியைவிட நன்கறிந்த ஊர் எது? 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் பிறந்தது. 1961இல் பழுப்பு நிலக்கரி கைக்கெட்டியது. கரிப்படுகையின் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கத்தில் பணி நடக்கும். அக்கரியால் மாநிலம் ஒளி பெற்றது. நம் பங்குக் குடும்பங்கள் பலவும் சோறு உண்டன. அதற்கென ஊர்கள் பெயர்க்கப்பட்டன, வயல்கள் பள்ளமாயின. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய்க்காக விளைந்துநின்ற நெற்பயிர்மீது இயந்திரங்கள் ஏறியதை நாடே கண்டது. ஏற்கெனவே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். விளைந்த பயிர் என்றனர் உழவர். சட்டம் எப்பக்கம் நின்றாலும் அக்காட்சி நெஞ்சை உறுத்தவே செய்தது. பழங்குடி மக்களுக்கு நிலம் விற்பனைப் பொருளன்று, இறைவனும் முன்னோரும் அளித்த கொடை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் எழுதியது நினைவுக்கு வருகிறது. மனையடி நூலோ என் மனைக்கு எது நன்மை என்பதோடு நின்றுவிடுகிறது. அம்மனை யாருடைய கண்ணீரின்மேல் நிற்கிறது என்று அது கேட்பதில்லை.

இங்கே நம்மை நோக்கியும் ஒரு கேள்வி எழும். நாமும் கிழக்கு நோக்கி ஆலயம் எழுப்பினோமே, புதுவீட்டில் தீர்த்தம் தெளிக்கிறோமே, அவை வாஸ்து அல்லவா? அல்ல. கிழக்கு நோக்கியது அத்திசையின் ஆற்றலை நம்பியன்று. மீண்டும் வரவிருக்கும் கிறிஸ்துவை எதிர்நோக்கி. அர்ச்சிப்பு என்பது தந்தையிடம் கேட்கும் மன்றாட்டு. விதியை வளைக்கும் தந்திரமன்று. ஆயினும் தீர்த்தத்தைத் தெற்கு வாசலுக்குரிய பரிகாரமாக ஒருவர் கருதுவாராயின், அவர் செய்வது வாஸ்துவே; பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

வீடு கட்டுவோருக்குத் திருவிவிலியத்திலும் ஒழுங்குமுறை உண்டு. புதுவீடு கட்டுபவர் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் அமைக்க வேண்டும், எவரும் விழுந்து இரத்தப்பழி நேராதிருக்க, என்கிறது இணைச்சட்ட நூல். வேலை வாங்கிக் கூலி கொடாமல் விசாலமான மாளிகை கட்டிய யோயாக்கிம் அரசனை எரேமியா சபித்துரைக்கிறார். அம்மாளிகையின் பலகணிகளைக் குறிப்பிடும் இறைவாக்கினர், அவை எத்திசை நோக்கின என்று சொல்லவில்லை. கூலி தரப்படாத கைகளையே சுட்டினார்.

ஆகவே காற்றும் வெளிச்சமும் பார்த்துச் சன்னல் வையுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு எட்டக் கிணறு தோண்டுங்கள். அது முன்னோர் அறிவு. மாடியில் கைப்பிடிச்சுவர் எழுப்புங்கள். மனையை விற்றவர் மனமுவந்து விற்றாரா என்று விசாரியுங்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைக் கூலியை அன்றே கொடுங்கள். இத்தனையும் செய்தபின் குருவானவரை அழையுங்கள். வாசல் எத்திசையில் இருந்தாலும் அவர் மகிழ்ந்து உள்ளே வருவார்.