மூச்சும் விதியும்

பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவரும் மருந்து எதுவாயினும் அலுவலக அலமாரியில் பூட்டிவைக்கப்பட வேண்டும் என்ற விதி, அது வேறு பிள்ளையின் கைக்குப் போய்விடக் கூடாது என்னும் நியாயமான அக்கறையில் பிறந்தது. எனினும் ஆஸ்துமா உள்ள பிள்ளையை அந்த விதியின்முன் நிறுத்தும்போது, எல்லோரையும் ஒன்றுபோல நடத்துவதுதான் நீதியா என்னும் பழைய அறவியல் கேள்வி எழுகிறது.

மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்பட்ட அழற்சிக்கு உள்ளாகி, எளிதில் தூண்டப்படும் நிலையில் இருப்பதே ஆஸ்துமா. தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல், ஓட்டம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தூண்டினாலும், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளி அடைத்து, மூச்சு விடுவதே பெரும்பாடாகிவிடும். தோள்கள் மூச்சோடு ஏறி இறங்குவதும், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுவதும் கடும் இழுப்பின் அடையாளங்கள். இறுகிய தசையைத் தளர்த்தும் சால்பியூட்டமால் மருந்தை, ஸ்பேசர் எனப்படும் குழலை இன்ஹேலரில் பொருத்தி உள்ளிழுத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் பலன் தெரியும். அந்த நிமிடங்களைச் சாவி தேடுவதில் கழிக்கவைக்கும் விதி, காக்க வந்த பிள்ளையையே கைவிடுகிறது.

சட்டம் பொதுப்படவே பேச வேண்டியிருப்பதால் சில நேர்வுகளில் பிழைபடும் என்றும், இயற்றியவரே அங்கிருந்தால் எப்படித் திருத்துவாரோ அப்படித் திருத்துவது நீதியின் மேலான வடிவமே என்றும் அரிஸ்டாட்டில் தம் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் 5-ஆம் பகுதியில் வாதிடுகிறார். கல்லின் வடிவுக்கேற்ப வளையும் லெஸ்போஸ் தீவின் ஈய அளவுகோலை இதற்கு உவமையாக்குகிறார். பிரிட்டன் 2014 அக்டோபர் முதல் பள்ளிகள் மருத்துவச் சீட்டின்றியே அவசரகால இன்ஹேலர் வாங்கிவைக்க அனுமதித்ததும், கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2015-இல், பெற்றோர் ஒப்புதலுடன் மாணவர் இன்ஹேலரைத் தம்மிடமே வைத்திருக்கச் சட்டம் இயற்றியதும் இவ்வாறு வளைந்த விதிகளே.

ஆயினும் இன்ஹேலரைப் பிள்ளையின் பையில் வைத்ததோடு பெரியவர்களின் கடமை முடிந்துவிடுவதில்லை. வகுப்பின் நடுவே எழுந்து கேட்டால்தான் உதவி கிடைக்கும் என்ற நிலை இருக்கும்வரை அந்த உதவி சலுகையாகவே நிற்கும். அப்படிக் கேட்கக் கூசும் பிள்ளை இழுப்பை மறைத்துக்கொள்ளும். ஆகவே மருந்தின் அளவையும், ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய கட்டத்தையும் மருத்துவரும் பெற்றோரும் முன்கூட்டியே எழுதித் தருவதும், இழுப்பின் அடையாளங்களை ஆசிரியர் அறிந்திருந்து, திணறும் பிள்ளையைத் தனியே அனுப்பாமல் உடனிருப்பதும் கருணையின்பாற்பட்ட செயல்கள் அல்ல. வாய்திறந்து கேட்க இயலாதவருக்கும் உரியதைச் சேர்ப்பிக்கும்போதுதான் நீதி முழுமை பெறுகிறது.