திதி தெரியாதவர்களுக்கு ஒரு கை எள்ளுத் தண்ணீர்



புரட்டாசி அமாவாசை வரப்போகிறது. மகாளய பட்சத்தில் பிதுர்க்கள் நம் வாசல் தேடி வருவார்கள் என்பது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது. வருஷத் திதி கொடுக்க வேண்டுமானால் இறந்த நாள் தெரிய வேண்டும். மகாளய அமாவாசைக்கு அது வேண்டியதில்லை. எந்த நாளில், எந்தக் காட்டில் செத்தார் என்றே தெரியாதவருக்கும் அன்றைக்குத் தண்ணீர் விடலாம். மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

சயாம் ரயிலைத்தான் சொல்கிறேன்.

1941 டிசம்பர் 8, ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. பால் மரத்தை நம்பியிருந்த தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. அந்த நேரம் பார்த்து, "சயாமுக்கு வாங்க, மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு சும்மா" என்று ஆள் எடுத்தார்கள். பசித்தவன் போகத்தான் செய்வான். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் தானாகப் போகவில்லை. அதன் பிறகு தோட்டத்துக்கே லாரி வந்தது. இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கதவைப் பூட்டிப் பிடித்துக்கொண்டு போனதும் நடந்திருக்கிறது.

நான் சிவில் எஞ்சினியரிங் படிக்கிறவன். அதனால் இந்தப் பாதையின் கணக்கு என்னைத் தூங்க விடுவதில்லை. சயாமில் நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் முன்பே யோசித்துப் பார்த்து, காடும் மலையும் நோயும் தாங்காது என்று கைவிட்ட வழி. ஜப்பான் ராணுவம் 1942 நடுவில் ஆரம்பித்தது. 1943 அக்டோபர் 17-இல் இரண்டு முனைத் தண்டவாளமும் சேர்ந்துவிட்டது. நாங்கள் வேலைத் திட்டம் போடும்போது மழைக்காலத்துக்கென்று சில நாட்களைத் தள்ளி வைப்போம். அங்கே மழைக்காலத்தில்தான் வேகத்தைக் கூட்டினார்கள். அதே மழையில்தான் காலராவும் வந்தது.

மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் நம் தோட்டத்து ஜனங்கள். போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. போர்க்கைதிகளின் முகாமில் அவர்களுடைய டாக்டர் இருந்தார், அதிகாரி இருந்தார், யார் எப்போது செத்தார் என்று எழுதி வைக்க ஆள் இருந்தது. அதனால் காஞ்சனபுரியில் இன்று கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை வரிசையாக இருக்கின்றன. அது நியாயம்தான், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள். நம்மவர் முகாமில் எழுதி வைக்க யாருமில்லை. குவாய் நதிப் பாலத்தைப் பற்றி உலகமே பார்த்த ஆங்கிலப் படத்திலும் நம்மவர் கதை இல்லை. நம் ஆர். சண்முகம் ஐயா நமக்காக எழுதினார். 'சயாம் மரண ரயில்' நாவலை இன்னும் படிக்காத தம்பிமார்கள் தயவுசெய்து படியுங்கள்.

சரி, நாதியற்றுச் செத்தவருக்கு யார் காரியம் செய்வது? மகாபாரதத்தில் ஸ்திரீ பர்வம் இதற்குப் பதில் சொல்கிறது. போர் முடிந்தது. களம் முழுக்கப் பிணம். தருமர் சிம்மாசனத்தில் உட்காரவில்லை. தௌமியரையும் விதுரரையும் சஞ்சயனையும் கூப்பிட்டு, எங்கிருந்தோ வந்து இங்கே கேட்பாரற்றுக் கிடக்கிறவர்களுக்கும் தகனம் செய்யுங்கள் என்றார். எதிரிப் படை என்று பிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாரும் கங்கைக்கு ஜலம் விடப் போனார்கள். அங்கே குந்தி வாய் திறந்தாள்: கர்ணனுக்கும் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன். உறவே இல்லை என்று நினைத்திருந்தவன் உறவாகிப் போனது தர்ப்பணக் கரையில்தான்.

தர்ப்பணத்தின் கடைசியில் கவனித்திருப்பீர்கள். தாய் இல்லாதவர், தகப்பன் இல்லாதவர், சொந்தமோ நண்பரோ இல்லாதவர், அவர்கள் எல்லாரும் திருப்தி அடையட்டும் என்று ஒரு முறை நீர் விடுகிறோம். அர்த்தம் தெரியாமல் அவசரமாக முடித்துவிட்டு வடை பாயசத்துக்கு ஓடுகிற இடம் அது! இந்த வருஷம் அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

எங்கள் குடும்பம் தானா ராத்தாவுக்கு வந்ததற்கு முன்னால் பேராக் பக்கம் பால் வெட்டியது. கொள்ளுத் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார். வீட்டில் "சயாமுக்குப் போனவரு" என்றுதான் பேச்சு. பேர் யாருக்கும் தெரியவில்லை. கோயில் குருக்களிடம் கேட்டேன், "சாமி, பேரே தெரியலையே, எப்படி?" "கோத்திரம் தெரியாட்டி சிவ கோத்திரம் சொல்லு தம்பி. பேர் தெரியாட்டி முறையைச் சொல்லு" என்றார். சாஸ்திரம் வழி விட்டிருக்கிறது. ஆனாலும் பேர் கிடைத்தால் கூப்பிடலாமே! 1943-இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. மிச்சம் இருக்கிற பாட்டிமார்களிடம் இந்த விடுமுறையில் போய் உட்காருங்கள். போன் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, "சயாமுக்கு யார் யார் போனாங்க பாட்டி?" என்று கேளுங்கள். அடுத்த வருஷம் கேட்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

இல்வாழ்வான் பேண வேண்டியவர்களைச் சொன்ன வள்ளுவர் முன்னோரை முதலில் வைத்தார், தெய்வத்துக்கும் முன்னால். அப்பர் பெருமானோ கையில் உழவாரம் பிடித்தார். இரண்டையும் சேர்த்துத்தான் எங்கள் கிளை இந்த வருஷம் தோட்டத்துப் பழைய சுடுகாட்டைத் துப்புரவு செய்கிறது. லாலாங் புல் இடுப்பளவு நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு, இது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இன்று நம் மலையில் கொழுந்து எடுப்பவர்களில் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிறைய. ஏஜண்டிடம் கடன்பட்டு, சொன்ன சம்பளம் ஒன்று, கிடைத்தது ஒன்று என்று தவிக்கிறவர்களும் அவர்களில் உண்டு. "நாளுக்கு ஒரு வெள்ளி" என்ற பேச்சை நம்பி ரயில் ஏறியவன் பேரப்பிள்ளைகள் நாம். இவர்களை "பங்களா" என்று ஏளனமாகக் கூப்பிட்டுவிட்டு அந்தக் கையாலேயே எள் எடுத்தால் பிதுர்க்கள் வாங்குவார்களா? நேப்பாள இந்துக்களும் இதே பட்சத்தில்தான் சோர சிரார்த்தம் செய்கிறார்கள். அவர்களையும் அழைத்திருக்கிறோம். அன்றைய அன்னதானம் எல்லாருக்கும்தான், மதம் கேட்கப் போவதில்லை. சம்பளச் சீட்டு, பெர்மிட் தாள் படிக்கத் தெரியாதவர்களுக்கு உதவ மலாய் நன்றாகத் தெரிந்த மூன்று தங்கைகள் உட்காருகிறார்கள்.

துப்புரவு அமாவாசைக்கு முந்தின ஞாயிறு, காலை எட்டு மணிக்கு. பாராங், கையுறை கொண்டு வாருங்கள். சயாமுக்குப் போன உங்கள் வீட்டுக்காரர் பேரை ஒரு தாளில் எழுதிக் குருக்களிடம் கொடுங்கள். பேர் தெரியாவிட்டால் தோட்டத்தின் பேரும் முறையும் போதும்.