தட்டுப்பாட்டில் விளையும் லாபம்

2021-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் நண்பகலில், ‘பிளேஸ்டேஷன் 5’ என்ற விளையாட்டுக் கருவிக்கு இந்தியாவில் முன்பதிவு தொடங்கியது. விலை ரூ. 49,990. சில நிமிடங்களில் இருப்பு முழுவதும் தீர்ந்தது. பிப்ரவரி 2-இல் கருவி விற்பனைக்கு வந்தது. பிரிக்கப்படாத பெட்டிகள் மிகுந்த கூடுதல் விலையில் மறுவிற்பனைக்கும் வந்தன. கொரோனாக் காலத்தில் மின்னணுச் சில்லுகளுக்கு ஏற்பட்ட பற்றாக்குறையால் உலகெங்கும் இதே நிலைதான் நிலவியது.

இவ்வாறு விற்பவர் தம்மைக் கள்வராக எண்ணுவதில்லை. ‘யாரையும் ஏமாற்றவில்லை, வற்புறுத்தவில்லை. மனம் உவந்து தருபவரிடமே பணம் பெறுகிறேன். இது உணவும் அல்ல, மருந்தும் அல்ல’ என்பார். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. 2020 மார்ச் 13-இல் முகக்கவசத்தையும் கைகழுவும் கிருமிநாசினியையும் மத்திய அரசு அத்தியாவசியப் பொருள்களாக அறிவித்தது. அப்போது அவற்றைப் பதுக்கியது குற்றம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. விளையாட்டுக் கருவி இல்லாமற்போனால் எவரும் துன்புற்று மடிவதில்லை. அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது?

லாபம் ஈட்டுவதில் இல்லை. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், உழவோடும் பசுக்களைக் காத்தலோடும் வணிகத்தையும் இயல்பான கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. மகாபாரதத்தின் சாந்தி பர்வமோ வணிகர் ஒருவரை ஆசாரிய பீடத்திலேயே அமர்த்துகிறது. தலைமுடியில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் வரை அசையாது நின்று தவம் செய்தவர் ஜாஜலி. அதனால் செருக்குற்ற அவர், தர்மத்தை அறிந்துகொள்ள காசியில் கடை வைத்திருந்த துலாதாரரிடம் போக நேர்ந்தது. எல்லா உயிர்களிடத்தும் தம் தராசு சமமாகவே நிற்கிறது என்பது துலாதாரர் உரைத்த தர்மத்தின் சாரம்.

உப்பளத்தில் உப்பை வாங்கி மலையூரில் விற்கும் வணிகன் சுமையை ஏற்றுகிறான்; வழியில் மழை பெய்து உப்புக் கரைந்தால் நஷ்டத்தையும் ஏற்கிறான். அவன் இல்லாவிடில் மலையூருக்கு உப்பு இல்லை. முதல்நாள் மறுவிற்பனையாளர் இடையில் புகாதிருந்தாலும் அந்தப் பெட்டி யாரோ ஒருவர் வீட்டுக்கு அதே வாரம் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் வாயிலை அடைத்துவிட்டுப் பின்னர் அதைத் திறந்துவிடக் கூலி கேட்கிறார்.

‘நான் வாங்காவிட்டாலும் பலருக்குக் கிடைத்திராது’ என்று அவர் கூறலாம். உண்மைதான், பெட்டிகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆனால் வரிசை என்பதும் ஒரு தராசு. அதில் முன்னே வந்தவர் முன்னே பெறுகிறார். செல்வரின் காத்திருப்புக்கும் எளியவரின் காத்திருப்புக்கும் அங்கே ஒரே எடை. தானியங்கி மென்பொருளைக் கொண்டு நொடிப்பொழுதில் பல பெட்டிகளைப் பதிவு செய்பவர் காத்திருப்பதுகூட இல்லை. (பிறருக்காக இரவெல்லாம் கடைவாயிலில் நின்று கூலி பெறும் ஏழையை இக்கணக்கில் சேர்ப்பது நியாயமன்று, அவர் தம் உழைப்பை விற்கிறார்.) பொட்டலப் பொருள்களை அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கலாகாது என்று 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் கூறுகின்றன. எனினும் தனிமனிதர் தம் சொந்தப் பொருள் என்று சொல்லி விற்கும்போது, அது சட்டத்தின் கண்ணில் எளிதில் படுவதில்லை.

பதஞ்சலியின் யோக சூத்திரம் கூறும் அஸ்தேயத்துக்கு, அதாவது கள்ளாமைக்கு, வியாச பாஷ்யம் தரும் விளக்கம் நுட்பமானது. முறையின்றிப் பிறர் பொருளைக் கொள்வது களவு. அத்தகைய விருப்பமே எழாதிருப்பது அஸ்தேயம். இவ்விளக்கத்தின்படி கேள்வி வாங்குபவரையும் தொடுகிறது. ‘முதல் நாளே வேண்டும்’ என்னும் துடிப்பு ரஜோகுணத்தின் செயல். அத்துடிப்பு இல்லாத இடத்தில் மறுவிற்பனையாளருக்குச் சந்தையே இல்லை.

ஆயினும் வாங்குவோர் எல்லாரும் அத்தகையவர் அல்லர். மகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, அவன் பிறந்தநாளுக்கு முன் எப்படியேனும் வாங்கிவிடத் துடிக்கும் தந்தையும் அவர்களுள் ஒருவர். அவரை வாங்கத் தூண்டுவது பேராசை அன்று, பாசம். திரையின் மறுபுறம் இருக்கும் விற்பனையாளருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. துலாதாரரோ தம் கடைக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்தே எடைபோட்டவர்.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தட்டுப்பாடு நீங்கிவிட்டதாக சோனி நிறுவனம் அறிவித்தது. அதன்பின் அந்தக் கருவி கடைகளில் சாதாரணமாகக் கிடைத்தது.