மீன் தொட்டியும் நம் பொறுப்பும்



வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது கூடுமா என்று கேட்டால், கூடும் என்பதே பதில். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடிக் கொண்டிருந்தார். அது இறந்துபோனது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையின் வாடிய முகத்தைக் கண்டு, குருவிக்கு என்ன ஆயிற்று என்று பரிவோடு விசாரித்தார்கள். பறவையை ஏன் பிடித்து வைத்தாய் என்று கண்டிக்கவில்லை. உணவும் நீரும் குறைவின்றிக் கொடுத்தால் பறவையைக் கூண்டில் வளர்க்கலாம் என்று உலமாப் பெருமக்கள் இந்த நபிமொழியைக் கொண்டு சட்டம் எடுத்தார்கள். மீனுக்கும் அதுவே.

ஆனால் பூனையைக் கட்டி வைத்துக் கொன்ற பெண்ணின் செய்தியும் நமக்குத் தெரியும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. அவள் தானும் தீனி தரவில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தேடித் தின்ன அதை அவிழ்த்தும் விடவில்லை. அதனால் நரகம் புகுந்தாள். அவிழ்த்து விட்டிருந்தால் அதன் ரிஸ்கை அது தேடிக்கொண்டிருக்கும். கட்டிய நொடியிலிருந்து அதற்குள்ள ஹக்கு முழுவதும் அவள் தலையில் ஏறிவிட்டது. நம் வீட்டு மீனின் நிலை அந்தப் பூனையைவிட ஒரு படி கடினமானது. பூனைக்குக் காற்றாவது இலவசம். மீன் மூச்சு விடுவதும், மலஜலம் கழிப்பதும், நடமாடுவதும் நாம் ஊற்றிய அதே தண்ணீரில்தான்.

இப்போது கடைக்குப் போவோம். சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் வரிசையாக வண்ண மீன் கடைகள் உள்ளன. விரல் நீளத்தில் துறுதுறுவென்று ஒரு குஞ்சு நீந்துகிறது. பிள்ளை கேட்கிறது, அத்தா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அது அமேசான் ஆற்றுச் சிவப்பு வால் கெளுத்தியாக இருந்தால் மூன்று அடிக்கு மேல் வளரும். சில்வர் அரோவானாவும் ஏறக்குறைய மூன்று அடி. அமெரிக்க ஆறுகளின் அலிகேட்டர் கார் ஆறு அடியையும் தாண்டும். இவற்றில் சிறியது என்று சொல்லப்படும் ஆஸ்கார் மீனே ஓர் அடி. எல்லாம் பிற மீன்களை விழுங்கி வாழ்பவை.

நம் வீட்டுத் தொட்டியோ இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். கணக்குப் போட்டால் ஐம்பத்தாறு லிட்டர். சுமார் நாலு குடம் தண்ணீர். மூன்று அடி மீன் ஓர் அடி அகலத்தில் எப்படித் திரும்பும்?

‘தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்’ என்று சில வியாபாரிகள் சொல்லி விற்கிறார்கள். இது உண்மையன்று. கெட்ட நீரிலும் நெருக்கடியிலும் வளர்ச்சி குன்றும், முதுகு வளையும், நோய் பிடிக்கும். சங்கிலியால் கட்டிய பிள்ளை நடக்கப் பழகவில்லை என்றால், அதற்கு நடக்கத் தேவையில்லை என்றா சொல்வோம்? மீனின் செவுள் வழியே அம்மோனியா என்ற நஞ்சு ஓயாமல் வெளியேறுகிறது. வடிகட்டியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொண்டே இருக்கும்படி அல்லாஹு தஆலா அமைத்திருக்கிறான். இறைச்சி தின்னும் பெரிய மீன் கழிக்கும் அளவுக்கு நாலு குடத் தண்ணீரின் வடிகட்டி ஈடு கொடுக்காது. செவுள் வெந்து, மீன் மேலே வந்து வாய் திறக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்து, பசிக்கிறது போலும் என்று இன்னும் தீனி போடுகிறார்கள்.

விருந்தாளிகள் வரும்போது உயிருள்ள சிறு மீன்களைப் போட்டு வேட்டையைக் காட்டுவோரும் உண்டு. இம்மீன்களில் பெரும்பாலானவை வெட்டிய மீன் துண்டைத் தின்னப் பழகிவிடும். அப்படியிருக்க, உயிருள்ளதைப் போடுவது யாருடைய பசிக்காக? உயிருள்ள பிராணியை அம்பெய்து பழகும் இலக்காக வைப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வேடிக்கைக்காக வேதனை என்பதில் இரண்டும் ஒன்றே.

‘வாஸ்து மீன்’ என்று சொல்லி, பரக்கத் வரும், கண்ணேறு கழியும் என்று அரோவானா வாங்கும் முஸ்லிம் வீடுகளும் இருக்கின்றன. லாபமும் நஷ்டமும் மீனின் செதிலில் இல்லை. இந்த எண்ணத்தோடு வாங்கியவர் முதலில் தவ்பா செய்துகொள்ளட்டும்.

சரி, வாங்கியாகிவிட்டது, வளர்ந்தும் விட்டது. என்ன செய்வது? இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் வழி இருக்கிறது. பிராணிக்குத் தீனி கொடுக்காத உரிமையாளர், அது உண்ணத்தக்கதாயின், விற்க வேண்டும், அல்லது தீனி கொடுக்க வேண்டும், அல்லது அறுத்துவிட வேண்டும் என்று நிர்ப்பந்திக்கப்படுவார். சட்டம் தீனியைப் பற்றிப் பேசுகிறது. தண்ணீரையும் இடத்தையும் அதோடு சேர்ப்பது என் கருத்து. மீனுக்கு அவை தீனியைவிட முந்தியவை என்பதால் சேர்க்கிறேன்.

ஆகவே பெரிய தொட்டி கட்டுங்கள்; இல்லையேல் குளம் வைத்திருப்பவருக்கு விற்றுவிடுங்கள், சும்மாவேனும் கொடுங்கள். உண்பதும் கூடும். ஆனால் மருந்து ஊற்றி வளர்த்த மீனை உண்ண வேண்டாம், உடலுக்குக் கேடு. மீனை அறுக்கத் தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த மஸ்அலா. எனினும் மலபார் தந்த ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ஃபத்ஹுல் முயீனில், வெளியே எடுத்தபின் நெடுநேரம் உயிரோடிருக்கும் பெரிய மீனை அறுப்பது சுன்னத் என்று காண்கிறோம். கரையில் கிடந்து சற்று நேரம் துடிப்பதைக்கூட அந்தப் பெரியோர் பொறுக்கவில்லை. நாமோ ஆண்டுக்கணக்கில் கூடத்தில் வைத்துப் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிட்டால் புண்ணியம் என்று எண்ணாதீர்கள். 2018-ல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபின், அங்குள்ள ஆறுகளில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் பிடிபட்டன. வளர்த்த இடங்களிலிருந்து தப்பியவை அவை. அத்தகைய மீன் நம் கெண்டையையும் விராலையும் விழுங்கும். வலை வீசிப் பிழைப்பவரின் வயிற்றில் அடிக்கும். பிறருக்குத் தீங்கிழைத்து இரக்கம் காட்ட மார்க்கத்தில் இடமில்லை. பள்ளிவாசல் ஹவுளில் இரவோடிரவாகக் கொண்டு வந்து விடுவதும் கூடாது. ஹவுளு ஒளுவுக்காக வக்ஃபு செய்யப்பட்டது. அங்கே பாசியும் கொசுப் புழுவும் தின்றுகொண்டிருக்கும் சிறு மீன்கள் மறுநாள் இருக்காது. முத்தவல்லிக்கும் வீண் தொல்லை.

எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கும்வரை, இரண்டு நாளைக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை தீனி போதும். மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள். அரோவானா துள்ளிக் குதிக்கும் மீன். மூடியின் மேல் கனமாக ஏதேனும் வையுங்கள்.