ஓடையை விட்டு வராத தட்டான்

தாம்பரத்தில் அபூர்வமான தட்டானைத் தேடிக் கிளம்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே ஆண்டு முழுக்க ஓடும் காட்டோடை கிடையாது என்பதுதான். 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்ப் பக்கம் வந்ததால் தப்பித்த புதர்க்காடு இருக்கிறது; நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. இரண்டிலும் ஓடுவது ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர். அது வடிந்தால் ஓடை வெறும் மணல். ஆகவே இங்கே கண்ணில் படுபவை பெரும்பாலும் குட்டையிலும் பிழைக்கத் தெரிந்தவை.

அவற்றில் முதலாவது, மழைக்காலத்தை ஒட்டி மைதானங்களின் மேல் கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டான். தேங்கிய மழைநீர் போதும் அதற்கு. ஒன்றரை மாதத்தில் முட்டை சிறகாகிவிடும். மாலத்தீவில் ஆண்டுதோறும் திடீரென வந்து குவியும் இந்தத் தட்டான்களைக் கவனித்துவந்த சார்லஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா போகின்றன என்ற முடிவுக்கு வந்து 2009இல் எழுதினார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கதை வேறு. அங்கே ஏறக்குறைய 200 வகைத் தட்டான்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. ஃபிரேசர் என்ற ராணுவ மருத்துவர் 1933 முதல் 1936 வரை இந்தியத் தட்டான்களைப் பற்றி மூன்று தொகுதிகள் கொண்டுவந்தார். அவர் பெயரிட்டவற்றில் பல இந்த மலைக்காரர்கள். களக்காட்டுக்கு மேலே ஓர் ஓடையில் அப்படியொரு ஊசித்தட்டானைப் பார்த்தேன். ஈரப்பாறையில் தொங்கிய வேரைப் பற்றியிருந்தது. ஈர்க்குச்சியைவிட மெல்லிய கரிய உடம்பு, வால் பக்கம் வெளிறிய ஒரு வளையம். கண் இருட்டுக்குப் பழகிய பிறகே தென்பட்டது. கரையோர மரங்களை வெட்டி வெயில் விழவிட்டால் போதும், அது அங்கே இருக்காது. மஞ்சள் தட்டான் பறப்பதை வைத்துத் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. இந்த ஊசித்தட்டான் இருந்தால் நீர் குளிர்ந்து, நிழல்பட்டு, தடையில்லாமல் ஓடுகிறது என்று நம்பலாம்.

எங்கள் பக்கம் மின்சார ரயிலில் நான்காவதாக இடம் கேட்பவர் முதல் வீட்டு உரிமையாளர் வரை எல்லாரும் சொல்வது, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." தென்புறநகரில் குடியேறிய எங்களில் பெரும்பாலோர் மஞ்சள் தட்டான் ஜாதி. அதில் குறையொன்றும் இல்லை. எங்கும் போய்ப் பிழைத்துக்கொள்ளும் அந்தத் துணிச்சல்தான் எங்கள் வீடுகளில் உலை கொதிக்க வைத்தது. ஆனால் ஓரிடத்தில் மட்டுமே முழுமையாக இருக்கக்கூடிய ஒருவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று தள்ளிவைக்கிறோமே, அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை.

என் பெரியப்பா களக்காட்டுக்காரர். பெரியம்மா காலமான பிறகு அண்ணன் அவரைச் சேலையூருக்கு அழைத்துவந்தார். பேச்சு குறைந்துகொண்டே போனது. "போகப்போகப் பழகிடும் பெரியப்பா" என்றேன்.

"பழகத்தான் செஞ்சிருக்கேன். லாரித் தண்ணியில குளிக்கேன், லிஃப்ட்ல ஏறுதேன். ஆனா இங்க என்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டேங்காவ. ஊர்ல மடையை எப்பத் தொறக்கணும்னு என்கிட்டதான் கேப்பாவ."

எந்த வாய்க்காலில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வரும், எந்த வயலுக்கு முதலில் பாய வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிற கணக்கு. அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் அதற்கு என்ன வேலை? உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். பெரியப்பா இளைத்துப்போனதையும் பார்க்கிறேன்.

ஊர் வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். இந்த வயதில் தனியாக எப்படி என்று அவர் கேட்பதும் நியாயம்தான். இரண்டு நாள் பேசினோம். பிசான நெல் அறுவடை முடியும்வரை பெரியப்பா ஊரில் இருக்கட்டும், பக்கத்து வீட்டில் சாப்பாட்டுக்குச் சொல்லிவைப்போம், நாங்கள் முறைவைத்துப் போய் வருவோம் என்று முடிவாகியிருக்கிறது. முதல் முறை என்னுடையது. நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டாயிற்று.