வலி விட்டுப்போன பாதம்

1950களின் தொடக்கம். லண்டனில் ஒரு விடுதி அறை. கப்பல் பயணம் முடிந்து, ரயில் பெட்டியின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து வந்து சேர்ந்திருந்தார் டாக்டர் பால் பிராண்ட். உடம்பும் சரியில்லை. காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லாதது தெரிந்தது. ஊசி எடுத்துக் கணுக்காலுக்குக் கீழே குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினார். ரத்தம் துளிர்த்தது, வலி மட்டும் வரவில்லை.

அவர் வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்தவர். உணர்ச்சியற்ற தோலுக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்றிரவு அவர் தூங்கவில்லை. விடிந்ததும் அதே இடத்தில் மறுபடி குத்தினார். வலி சுள்ளென்று ஏற, கத்திவிட்டார். ரயிலில் அழுந்திக் கிடந்த நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

வலிக்கு நன்றி சொல்வதா? கருணையுள்ள கடவுள் படைத்த உடம்பில் வலி ஏன் இருக்கிறது என்ற கேள்வியைப் பல சமயங்கள் சந்தித்திருக்கின்றன. முன்வினை என்றார்கள், தண்டனை என்றார்கள், சோதனை என்றார்கள். 1914இல் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த பிராண்ட், இதற்கான விடையை நோயாளிகளின் பாதங்களில் தேடினார்.

கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால் இறங்கும் நரம்புதான் உள்ளங்காலுக்கு உணர்ச்சி தருகிறது. தொழுநோய்க் கிருமி அதைத் தாக்கினால் உள்ளங்கால் மரத்துவிடும். நல்ல காலில் ஓரிடம் நொந்தால், நமக்கே தெரியாமல் பாரத்தை வேறு பக்கம் மாற்றி நடக்கிறோம். மரத்த கால் அப்படி மாற்றாது. நொந்த இடத்தையே ஆயிரம் முறை மிதிக்கும். கொப்புளம் புண்ணாகி, புண் எலும்புவரை போகும். தூங்கும் நோயாளியின் மரத்த விரலை இரவில் எலி கடித்தாலும் அவருக்குத் தெரியாது. அதனால் வீடு திரும்பும் நோயாளிகளிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்தனுப்பியதாக பிராண்ட் எழுதியிருக்கிறார். விரல்களை நோய் நேரடியாகத் தின்பதில்லை, வலி இல்லாததால்தான் அவை அழிகின்றன என்பதை அவர் உலகுக்குக் காட்டினார்.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், செயற்கை வலியை உருவாக்கவும் முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் உணர்கருவிகள் வைத்து, அழுத்தம் மிஞ்சினால் ஒலி எழும்படி செய்தார். நோயாளிகள் ஒலியைச் சட்டை செய்யவில்லை. உணர்ச்சி மிச்சமிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்தார். அவசர வேலை வந்தால் அவர்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நம் விருப்பத்துக்கு அணைக்க முடியாததாக இருந்தால்தான் வலி நம்மைக் காக்கும் என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார். யாரும் விரும்பாத பரிசு என்று, 1993இல் வந்த தன் நூலின் தலைப்பிலேயே வலியை அழைத்தார்.

ஆனால் அதே நரம்பு இன்னொரு சாட்சியும் சொல்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டு பட்டு நரம்பு சிதைந்த வீரர்களைக் கவனித்த மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல், காயம் ஆறிய பின்னும் தீயாக எரியும் வலியைப் பற்றி 1864இல் எழுதினார். அந்த எரிச்சல் தாங்காமல் சிலர் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். இங்கே வலி எதை எச்சரிக்கிறது? எதையும் இல்லை. கெட்டுப்போன நரம்பு தானாகவே கூச்சலிடுகிறது. சர்க்கரை நோயால் நரம்பு பழுதான சிலருக்கு இரண்டும் ஒரே பாதத்தில் நடக்கும். இரவெல்லாம் எரிந்து தூக்கத்தைக் கெடுக்கும் அதே கால், பகலில் ஆணி குத்தினாலும் உணராது.

சைவ அடியார் அப்பருக்கு வந்த சூலை என்னும் வயிற்று நோய் அவரைச் சிவனிடம் திருப்பி அழைத்தது என்கிறது பெரியபுராணம். திருவதிகையில் அவர் பாடியதும் நோய் நீங்கிவிட்டது. அழைப்பு வந்து சேர்ந்தபின் வலிக்கு அங்கே வேலையில்லை. நரம்புக் காயத்தின் வலியோ சேதி எதுவும் இல்லாமல், முடிவும் இல்லாமல் தொடர்கிறது. அதைப் பரிசு என்றோ பாவத்தின் கூலி என்றோ சொல்வது, படுக்கையில் துடிப்பவருக்குச் செய்யும் அநியாயம். பிராண்ட் சொன்னது காவல் காக்கும் வலிக்குப் பொருந்தும். எல்லா வலிக்கும் அதை நீட்டக் கூடாது. காவல் காக்கும் வலியை மதிக்க வேண்டும், வெறும் கூச்சலாகிவிட்ட வலிக்கு மருந்து தேட வேண்டும். இரண்டும் பக்திக்கு விரோதமல்ல.

வலி காவல் காக்காத பாதத்தை நாமே காக்க வேண்டும். சர்க்கரை நோயோ பழைய தொழுநோயோ உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். செருப்பை மாட்டுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்தால் அடிப்பாகம் முழுதும் தெரியும்.