கரிநெருப்பு போட்டுக் காத்திருக்கிறவர்



பின்வாங்கிப்போனவன் மறுபடியும் சபை வாசலை மிதிக்க எவ்வளவு பயப்படுவான் என்பது எனக்குத் தெரியும். வாலிப நாட்களில் காணிக்கை எண்ணும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வீட்டில் கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து முந்நூறு ரூபாயை எடுத்துவிட்டேன். "அடுத்த மாசம் வச்சிடலாம்" என்று சத்துரு காதில் ஓதினான். வைக்கவில்லை. வெட்கத்தில் ஆராதனைக்குப் போவதையே விட்டேன். நாலு வருஷம்! பாட்டுச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவேன்.

ஒரு இராத்திரி தூக்கம் வராமல் வேதத்தைத் திறந்தேன். யோவான் 18-ஆம் அதிகாரம். பேதுரு கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலிக்கிறான். 21-ஆம் அதிகாரத்திலோ, உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் தாமே கரிநெருப்பு போட்டு, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். மூலபாஷையில் இந்த வார்த்தை புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது!

கவனியுங்கள். முதலில் சாப்பாடு, அப்புறம்தான் கேள்வி. "ஏன் மறுதலித்தாய்?" என்று அவர் கேட்கவில்லை. தம்மிடத்தில் அன்பு உண்டா என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரம் மறுதலித்த அதே வாய் மூன்று தரம் அறிக்கையிட்டது. அவனை நம்பி ஆடுகளையும் ஒப்படைத்தார். அல்லேலூயா!

முழங்காலில் நின்று அழுதேன். மாதக் கடைசியில் சம்பளம் வாங்கின கையோடு பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போய், பணத்தை வைத்து, "ஐயா, நான்தான் எடுத்தேன்" என்றேன். ஐயா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "மொதல்ல காப்பி குடி தம்பி. அப்புறம் ஜெபிப்போம்" என்றார். அடுத்த வருஷம் காணிக்கை எண்ண என்னையே கூப்பிட்டார். கை நடுங்கியது, கண்ணீர் நோட்டின்மேல் விழுந்தது.

தேவபிள்ளையே, நீ எங்கே விழுந்தாய்? மன்னிப்பு பாவத்தை மூடிவைப்பதல்ல. விழுந்த இடத்துக்கே கூட்டிவந்து, அங்கேயே உன்னைத் தூக்கி நிறுத்துவதுதான் மன்னிப்பு. அதற்கான கிரயத்தைச் சிலுவையில் அவர் செலுத்தித் தீர்த்துவிட்டார். நீ திருப்பிக்கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுத்துவிடு; யாரிடம் பேச வேண்டுமோ அவரிடம் போய்ப் பேசு. "எந்த முகத்தோட போறது?" என்று தயங்காதே. இருக்கிற முகத்தோடே வா.

கரையில் நெருப்பு இன்னும் அணையவில்லை. உன் பங்கும் அதின்மேல் சூடாக இருக்கிறது. ஆமென்.